பதில்: சுடலைக் கொட்டகை, இரண்டாம் கட்ட நிதி

அன்பான ஊரவர்க்கு,

சுடலைக் கொட்டகைக் கூரைக்கென்று குடும்பத்துக்கு 150 பவுண்ஸ் கேட்டு எங்கள் ஊர்ச் சங்கம் அனுப்பிய மடலைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வைத்துத்தான் வாசித்தேன். அம்மம்மாவின் செத்தவீடும் எட்டாம் நாள் எட்டுச்செலவும் முடித்துத் திரும்பும் வழி. உடனே பதில் எழுதினால் வாயில் வந்ததெல்லாம் எழுதிவிடுவேன் என்று ஒரு கிழமை பொறுத்தேன். பொறுத்தும் ஆறவில்லை.

"கூரை வேலை மட்டுமே மிச்சம்" என்று எழுதியிருக்கிறீர்கள். சுடலைக் கொட்டகைக்குக் கூரையைத் தவிர வேறு என்ன வேண்டிக்கிடக்கிறது? இப்போது அங்கே நிற்பது நாலு தூண். அதில் ஒன்றில் சங்கத்தின் பெயர்ப்பலகை வேறு.

எனக்காக அம்மம்மாவை மூன்று நாள் வைத்திருந்தார்கள். இரவிரவாக ஒரு வான் பிடித்து ஏ9 வீதியால் வந்து, விடியப் படலையடியில் இறங்கினேன். பெட்டிக்குள் அம்மம்மா சின்னப்பிள்ளை அளவில் கிடந்தார். காதில் தோடு மின்னியது. ஏதோ பொருந்தவில்லை என்று பார்த்துக்கொண்டே நின்றேன், பிறகுதான் பிடிபட்டது. அம்மம்மாவின் காதில் நான் தோடு கண்டதே இல்லை. துளை தூர்ந்துபோகாமல் ஈர்க்குத் துண்டுதான் செருகியிருப்பார். படம் எடுக்கும் மட்டும் என்று மாமி தன்னுடைய தோட்டைப் போட்டுவிட்டிருக்கிறார். பெட்டி மூட முன்னர் கழற்றும்போது ஒன்று இறுகிவிட்டது. மாமி தேங்காயெண்ணெய் தொட்டுத் தொட்டுத் திருகினார். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது, ஆனாலும் யாரும் அவசரப்படுத்தவில்லை. அம்மம்மாவின் சொந்தத் தோடு யாருடைய பயணத்துக்காக அடகுக்குப் போனது என்று ஸ்ருட்கார்ட் பெரியப்பாவுக்குத் தெரியும்.

சுண்ணம் இடித்து, திருப்பொற்சுண்ணம் பாடி முடிந்ததும் குருக்கள், "பேரப்பிள்ளைகள் எல்லாரும் பந்தத்துக்கு வாங்கோ" என்றார். 17 பேரில் முற்றத்தில் நின்றது நான் ஒருவன். 46 வயதில், நரைத்த தாடியோடு, இடுப்பில் நிற்க மறுக்கும் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. குருக்கள் சுற்றிப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் பக்கத்து வளவிலிருந்து ஏழு பிள்ளைகளை அவர்களின் தாயே கூட்டிவந்து வரிசையில் விட்டார். அந்த வளவு எது, வேலிக் கதியாலுக்காக எத்தனை வருசம் வழக்கென்று கோட்டுக்கு நடந்தது என்றெல்லாம் இங்கே எழுதத் தேவையில்லை. அதில் கடைக்குட்டி ஒருவன் பந்தத்தைச் சாய்த்துப் பிடித்துவிட்டான். நெய் கையில் வழிகிறது. உதறவும் பயம், அழவும் பயம். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுற்றி முடியும்வரை நின்றான்.

வாய்க்கரிசி போடும்போதுதான் எனக்கு மிகவும் இடறியது. ஒவ்வொரு முறை நான் வெளிக்கிடும்போதும், "போறன் எண்டு சொல்லாதை, போட்டு வாறன் எண்டு சொல்லு" என்று திருத்துகிற மனிசி. அவரை என்ன சொல்லி அனுப்புவது? பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், கையில் அரிசி. "போட்டு வாங்கோ அம்மம்மா" என்றுதான் வாயில் வந்தது. பக்கத்தில் நின்ற மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

தாய்க்குக் கடைசி மகன் கொள்ளி வைக்க வேண்டும். சின்ன மாமா சூரிச்சில். ஏன் வரவில்லை என்று நான் கேட்கப்போவதில்லை. பெரிய மாமா 71 வயதில், ஈரச் சேற்றில், கொள்ளிக்குடத்தோடு மூன்று சுற்றுச் சுற்றினார். அப்போது பிடித்தது மழை. ஐப்பசி மழை, சொல்ல வேண்டியதில்லை. விறகு நனைகிறது, பெட்டி நனைகிறது. கடைசியில் சந்தியில் லொறி வைத்திருக்கிறவர் தன் தறப்பாளை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தார். சங்கம் கட்டிய நாலு தூணிலும் ஆளுக்கொருவர் ஏறி நின்று அதை இழுத்துப் பிடித்தார்கள், நெருப்புப் பற்றும்வரை. தூண்கள் அந்த மட்டில் உதவின.

என்னுடைய 150 பவுண்ஸ் இப்போதைக்கு வராது.

ஆச்சியின் மூத்த மகளின் மகன், ரொறொன்ரோ

*

தம்பிக்கு,

ஆழ்ந்த அனுதாபங்கள். ஆச்சியின் கையால் உண்ணாதவர் ஊரில் இல்லை. ஆனால் கணக்கு என்று வந்தால் பதில் சொல்வது என் கடமை.

2019இல் சேர்ந்தது 6,450 பவுண்ஸ். ஊர்க் கணக்கில் விழுந்தது 15 இலட்சத்து 15 ஆயிரம் ரூபாய். தூண், அத்திவாரம், தளம் 11 இலட்சத்து 20 ஆயிரம். மேற்பார்வை 1 இலட்சத்து 85 ஆயிரம். மிச்சம் 2 இலட்சத்து 10 ஆயிரம். சதம் பிசகாது. கூரைக்கு ஆள் பேசும்போது கொரோனா வந்தது. 2022 மார்ச்சில் ரூபாய் விழுந்தது. 200 ரூபாய்க்கு இருந்த டொலர் 360க்குப் போனது, தகரமும் கம்பியும் அதோடு ஏறின. காசை ரூபாயாக மாற்றி வைக்க வேண்டாம் என்று நான் அப்போதே சொன்னேன், கூட்டக் குறிப்பில் இருக்கிறது. பிறகு 2023 மார்ச்சில் பிரதேச சபைகளின் காலம் முடிந்து, 2025 மே தேர்தல்வரை தவிசாளரே இல்லை. சுடலை சபையின் சொத்து, அனுமதி இல்லாமல் ஒரு ஆணி அடிக்க முடியாது.

மேலதிகமாக: 2019 சந்தாவில் ரொறொன்ரோக் கிளை இன்னும் 320 பவுண்ஸ் தர வேண்டும்.

பொருளாளர், லண்டன்

*

தம்பி,

உன் துக்கம் எனக்கும் உண்டு. ஆனால் "நாலு தூண்" என்று எழுதியிருக்கக் கூடாது. இந்தக் குழுவில் நாங்கள் பெண் எடுத்த ஊர்க்காரரும் இருக்கிறார்கள். அவர்களுடைய சுடலைக்குக் கூரையும் போட்டு, சுற்றுமதிலும் கட்டி, வர்ணமும் பூசிவிட்டார்கள். இனி கலியாண வீடுகளில் நான் எந்த முகத்தோடு இருப்பது?

தோட்டுக் கதையையும் எழுதிவிட்டாய். சரி, எழுதியது எழுதியதுதான். 1985. கிழக்கு பேர்லினில் இறங்கி மேற்குப் பக்கம் கடந்த பெடியளில் நானும் ஒருவன். ஏஜென்சிக்காரனுக்குக் கடைசிக் காசு குறைந்தபோது அக்கா, அதுதான் உன் அம்மம்மா, கூப்பிட்டு, தோட்டை அடகு வைத்த காசை ஒரு லேஞ்சியில் முடிந்து தந்தார். வீட்டில் சொல்லாதே என்றார். என் முதல் சம்பளத்தில் அந்தக் காசை அனுப்பினேன். தோட்டை மீட்டாரா என்று கேட்கவில்லை. அது என் பிழைதான். பிறகு கேள்விப்பட்டேன், அந்தக் காசில்தான் உன் சின்ன மாமாவை அனுப்பினாராம்.

95 யுத்த இடப்பெயர்வில் வலிகாமத்துச் சனம் எங்கள் வடமராட்சிப் பக்கம் வந்தபோது அக்காவின் மால் கொட்டிலில் பதினொரு குடும்பம் இருந்ததாக அம்மா கடிதம் எழுதியிருந்தார். கிணறு வற்றும்வரை யாரையும் போகச் சொல்லவில்லையாம். அப்படிப்பட்ட மனிசிக்குத் தறப்பாள். அதை வாசித்தபிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்காக ஊரின் மானத்தை இப்படி வெளியில் கொட்டுவதா?

ஸ்ருட்கார்ட்

*

அண்ணா,

பெரியப்பாவும் பொருளாளரும் கூரையைப் பற்றிக் கதைக்கட்டும். எனக்கு வேறொரு கேள்வி.

செத்தவீட்டை எனக்கு வீடியோவில் காட்டவென்று போனை ஒரு கதிரையில் சாத்தி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு இருபது நிமிசம் தெரிந்தது பந்தலில் தொங்கிய மின்குமிழும் ஒருவருடைய முழங்கையும்தான். சுண்ணப்பாட்டுக் கேட்டது, உலக்கை விழுகிற சத்தம் கேட்டது. பிறகு யாரோ கதிரைக்கு அவசரம் என்று எடுக்க, போன் நிலத்தைப் பார்த்தது. எல்லாருடைய காலும் தெரிந்தது. அதில் அம்மம்மாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன கால்கள் எவை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இங்கே கடையில் பின் அறையில் நின்று பார்த்தேன், வாடிக்கையாளர் வந்தால் வெளியே போய்க் காசு வாங்கிவிட்டு வந்து பார்த்தேன்.

நீங்கள் 17 பேரப்பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். மரண அறிவித்தலில் 16 பேரின் பெயர்தான் இருக்கிறது. யாருடையது இல்லை, ஏன் இல்லை என்று இந்தக் குழுவில் எல்லாருக்கும் தெரியும். அறிவித்தலைக் கொடுத்தது சின்ன மாமா. வரவில்லை, ஆனால் என் பெயரை வெட்ட மட்டும் நேரம் இருந்திருக்கிறது. கலியாணத்துக்குப் பிறகு என்னோடு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கதைத்த ஒரே ஆள் அம்மம்மாதான். "அவன் சமைப்பானோ?" என்று மட்டும் கேட்பார்.

முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு, அந்த நினைவுப் புத்தகம், அச்சடிப்பீர்கள்தானே. அதிலாவது பாருங்கள். மற்றது, பொருளாளர் மாமா, மேற்பார்வை 1 இலட்சத்து 85 ஆயிரம் யாருக்கு? தூண் தானாக நிற்கும், அதைப் பார்த்துக்கொண்டு நிற்க ஆள் எதற்கு?

பாரிஸ்

*

தங்கச்சி,

கல்வெட்டின் அச்சுப்படி என்னிடம் வந்திருக்கிறது. உன் பெயரை, அவரின் பெயரோடு சேர்த்து, நானே எழுதி அனுப்பிவிட்டேன். சின்ன மாமா கோபித்தால் என்னோடு கோபிக்கட்டும். பெட்டியின் முன்பக்கம் வலது கை நான்தான். வேட்டிக்குக் கீழே கறுப்புக் காலுறை தெரிந்திருந்தால் அது நான். விமானத்தில் போட்டது, கழற்ற மறந்துவிட்டேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை கீரிமலையில். நான் திரும்பப் போக முடியாது. பெரிய மாமா பார்த்துக்கொள்வார்.

பெரியப்பா, உங்களை நோகடிக்க எழுதவில்லை. ஆனால் எழுதியதை எடுக்கவும் மாட்டேன்.

பொருளாளர் அண்ணை, 320 பவுண்ஸைக் கிளையில் கேட்கிறேன். தங்கச்சியின் கேள்விக்கு உங்கள் பதிலைக் காணவில்லை. ஒரு சின்ன விசயம்: லொறிக்காரரின் தறப்பாளில் பொறி விழுந்து ஓட்டையாகிவிட்டது. அவர் காசு வேண்டாம் என்கிறார். புதிது வாங்கிக் கொடுக்கச் சொல்லி 18 ஆயிரம் ரூபாயை மாமியிடம் விட்டு வந்தேன். சங்கத்திடம் கேட்கவில்லை, தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

ரொறொன்ரோ

*

தம்பி, மேற்பார்வைக் கணக்கைத் தலைவரிடம் கேட்டிருக்கிறேன். தறப்பாளைச் சங்கச் செலவில் போடலாம். பற்றுச்சீட்டு இருக்கிறதா?

பொருளாளர், லண்டன்

*

பற்றுச்சீட்டு இல்லை அண்ணை. ஓட்டையின் படம் இருக்கிறது, இணைத்திருக்கிறேன்.