மெமரி பேரியருக்குத் தமிழ்: தடையா, வேலியா, வரப்பா?

அனுப்பியவர்: தொகுப்பு
பொருள்: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

விர்ட்டியோ (மெய்நிகர் கணினி வலை அட்டை, வட்டு போன்ற சாதனங்களோடு பேசும் முறை) இயக்கி எழுதும் பயிற்சிக் கையேட்டின் மூன்றாம் இயல், "பல வன்பொருள் தளங்களில் நினைவக அணுகல்", வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மெமரி பேரியர் என்பது அதில் 14 இடத்தில் வருகிறது. இப்போதைக்கு "நினைவகத் தடை" என்று போட்டிருக்கிறோம். மெய்ப்புப் பார்த்த இருவருமே அதை "நினைவகத்தை அணுக விடாமல் தடுப்பது" என்று படித்திருக்கிறார்கள். ஒருவர் அனுமதி மறுப்புப் பிழையோடு முடிச்சுப் போட்டு ஓரக்குறிப்பே எழுதிவிட்டார். "வீக் பேரியர்ஸ்" என்றொரு கொடியும் (ஃபிளாக்) உண்டு. அதை "வலுவற்ற தடைகள்" என்றது எனக்கே உறுத்துகிறது.

மாற்றுச் சொல் சொல்லுங்கள். போன தடவை மாதிரி மூன்று மாதம் வேண்டாம்.

அனுப்பியவர்: கருனி
பொருள்: மறு: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

அக்கா, சொல் தேடுமுன் அது செய்கிற வேலையைப் பார்த்துவிடுவோம்.

ஒரு பொட்டலத்தை அனுப்ப இயக்கி முதலில் விவரிப்பு அட்டவணையில் ஒரு பதிவு எழுதுகிறது: முகவரி 8 பைட், நீளம் 4, கொடிகள் 2, அடுத்த பதிவின் எண் 2, ஆக 16 பைட். அந்தப் பதிவின் எண்ணை வளையத்தில் ஒரு கட்டத்தில் போடுகிறது. பிறகு வளையத்தின் 16 பிட் சுட்டெண்ணில் ஒன்று கூட்டுகிறது. கடைசியாகச் சாதனத்துக்கு மணி அடிக்கிறது. சாதனம் என்பதும் பெரும்பாலும் ஹோஸ்டில், அதாவது மெய்நிகர் கணினியைத் தாங்கும் நிஜக் கணினியில், ஓடும் ஒரு நிரல்தான். அது பார்த்துக்கொண்டிருப்பது சுட்டெண்ணை மட்டுமே.

எக்ஸ்86 செயலியில் ஒரு கோர், அதாவது அதன் ஓர் அலகு, எழுதியவை எழுதிய முறையிலேயே மற்ற கோர்களுக்குத் தெரியவரும். ஆர்ம் செயலியில் அந்த உத்தரவாதம் இல்லை. கட்டத்தில் போட்ட எண் தெரியவருமுன் கூட்டிய சுட்டெண் தெரிந்துவிடலாம். அப்போது சாதனம் கட்டத்தில் கிடக்கும் பழைய எண்ணை எடுத்துக்கொள்ளும். பழைய பொட்டலம் இரண்டாம் முறை போகும், புதியது கிடப்பில் கிடக்கும். வட்டு இயக்கியில் இது நடந்தால் கோப்பே கெடும்.

இதற்காகத்தான் கட்டத்துக்கும் சுட்டெண்ணுக்கும் நடுவில் ஒரு கட்டளை. ஆர்மில் டிஎம்பி, ரிஸ்க்-ஃபைவ் செயலியில் ஃபென்ஸ். எக்ஸ்86-இல் இந்த இடத்தில் தனிக் கட்டளை வேண்டாம், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் இடம் மாற்றாமல் இருந்தால் போதும். இந்தக் கட்டளை எதையும் தடுப்பதில்லை. முன்னால் எழுதியது முன்னாலும் பின்னால் எழுதியது பின்னாலும் தெரியும்படி பார்த்துக்கொள்கிறது, அவ்வளவே. தடையை இப்போதே தூக்கிவிடுங்கள்.

அனுப்பியவர்: புலவர்
பொருள்: மறு: மறு: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

தம்பி சொன்னது நமக்குப் புதிதன்று. செய்யுளின் சொற்களைச் சேர்த்துப் பொருள்கொள்ளும் முறையாகிய பொருள்கோளை நன்னூல் எட்டாக வகுக்கிறது. எழுதிய முறையே பொருள் ஒழுகினால் யாற்றுநீர். சிதறிக் கிடக்கும் சொற்களைப் பொருந்துமிடம் கொண்டுபோய்ச் சேர்த்தால் கொண்டுகூட்டு. அடிகளை இடம் மாற்றினும் பொருள் கெடாவிட்டால் அடிமறிமாற்று. எக்ஸ்86 யாற்றுநீர், ஆர்ம் கொண்டுகூட்டு. தொல்காப்பியர் நான்கே சொல்கிறார்: நிரல்நிறை, சுண்ணம், அடிமறி, மொழிமாற்று. சுண்ணம் என்பது எட்டுச் சீருக்குள் கலைத்துப் போட்டதைச் சேர்த்துப் பார்ப்பது. செயலியும் ஓர் எல்லைக்குள்தான் கலைக்கிறது என்பதால் சுண்ணமே நெருங்கிய உவமை.

ஆகவே முறை கெடாமல் காப்பது நிரற்காப்பு. அல்லது கோள்காப்பு.

அனுப்பியவர்: வகுப்பறை
பொருள்: நிரற்காப்பு வேண்டாம்

புலவர் ஐயா, "நிரல்" என்பதை புரோகிராமுக்குக் கொடுத்து வெகுநாளாகிறது. நிரற்காப்பு என்றால் மென்பொருளைத் திருடாமல் பூட்டி வைப்பது என்றுதான் பிள்ளைகள் எழுதுவார்கள். கோள்காப்பு என்றால் சனிப்பெயர்ச்சி.

நேர்முகத்தில் கேட்கப்போவது "மெமரி பேரியர்". கருனியின் பிழைச்செய்தியில் வரப்போவதும் அதுதான். ஒலிபெயர்த்து அப்படியே எழுதிவிட்டால் என்ன குறைந்துவிடும்?

அனுப்பியவர்: புலவர்
பொருள்: மறு: நிரற்காப்பு வேண்டாம்

ஒலிபெயர்ப்பதற்கு இந்தக் குழு எதற்கு?

அனுப்பியவர்: கருனி
பொருள்: யாற்றுநீர் முழு உண்மை அல்ல

ஐயா, உவமை அழகு, ஆனால் எக்ஸ்86 முழுக்க யாற்றுநீர் இல்லை. எழுதிவிட்டு வேறோர் இடத்தைப் படித்தால், படிப்பது முந்திக்கொள்ளும். எழுதியது ஸ்டோர் பஃபரில் காத்துக்கிடக்கும்.

விர்ட்டியோவில் இது கடிக்கிற இடம் மணி அடிக்குமுன். சுட்டெண்ணைக் கூட்டிய பிறகு, "மணி அடிக்க வேண்டாம்" என்று சாதனம் குறிப்பு வைத்திருக்கிறதா என்று இயக்கி பார்க்கும். அதே கணத்தில் சாதனம் அந்தக் குறிப்பை எடுத்துவிட்டு, சுட்டெண்ணைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுத் தூங்கப் போகிறது. இரண்டு பக்கமும் பழையதைப் படித்தால் இயக்கி மணி அடிக்காது, சாதனம் எழாது. அடுத்த பொட்டலம் வந்து தட்டும்வரை வலைத்தொடர்பு மூச்சடைத்து நிற்கும். பதிவேட்டில் ஒரு வரிகூட இருக்காது. இங்கே எக்ஸ்86-க்கும் முழு பேரியர் வேண்டும். லினக்ஸ் அதற்கு ஸ்டாக்கில் பூச்சியத்தைக் கூட்டும் ஒரு லாக் கட்டளையைப் போடுகிறது.

ஆக எழுதுவதற்கு, படிப்பதற்கு, இரண்டுக்கும் என மூன்று வகை. சொல் எதுவானாலும் முன்னொட்டு ஏற்க வேண்டும்.

அனுப்பியவர்: யாழ்
பொருள்: வேலி

வணக்கம். தடுப்பு என்று யாரும் சொல்லுமுன் ஒன்று: எங்கள் காதில் தடுப்பு என்றால் தடுப்பு முகாம்தான். அதைத் தவிர்ப்பது நல்லது.

ரிஸ்க்-ஃபைவ்காரர் ஃபென்ஸ் என்றே பெயர் வைத்திருக்கினம். "வேலி" எடுத்தால் என்ன? எழுதுவேலி, படிவேலி, முழுவேலி. மூன்றும் நாக்கில் நிற்கும்.

அனுப்பியவர்: புலவர்
பொருள்: மறு: வேலி

வேலி நில அளவும் ஆகும். இருபது மா ஒரு வேலி. "நினைவகத்தில் இரண்டு வேலி" என்றால் தஞ்சாவூர்க்காரர் பத்திரம் கேட்பார். மேலும் வேலி வெளியாரை உள்ளே விடாதது. தடைக்குச் சொன்ன குற்றமே இதற்கும்.

அனுப்பியவர்: வகுப்பறை
பொருள்: வேலி வேண்டாம், வரப்பு?

ஒலிபெயர்ப்புதான் என் கட்சி. ஆனாலும் வயலுக்கே வந்துவிட்டதால் கேட்கிறேன்: வரப்பு? யாரையும் தடுக்காது. அதன் மேல் ஏறி நடக்கலாம். இந்தப் பாத்தித் தண்ணீர் அந்தப் பாத்தியில் கலக்காது. எழுதுவரப்பு, படிவரப்பு, முழுவரப்பு.

அனுப்பியவர்: யாழ்
பொருள்: மறு: வேலி வேண்டாம், வரப்பு?

எங்களிடம் அது வரம்பு. வயல் வரம்பு. பழைய சொல்லும் அதுவே. சங்கப் பாட்டில் உள்ளதை விட்டுவிட்டுத் திரிந்ததை எடுப்பானேன்?

அனுப்பியவர்: கருனி
பொருள்: வரம்பு முடியாது

அண்ணே, "நினைவக வரம்பு" ஏற்கெனவே மெமரி லிமிட். இதே இயலில் கெஸ்டுக்கு, அதாவது மெய்நிகர் கணினிக்கு, 512 எம்பி வரம்பு வைக்கச் சொல்லும் பத்தி இருக்கிறது. அடுத்த பக்கத்தில் "வரம்பு போடு" என்றால் மாணவர் ரேமைக் குறைத்துவிட்டு, ஏன் இன்னும் பொட்டலம் இரட்டிக்கிறது என்று கேட்பார்.

அனுப்பியவர்: புலவர்
பொருள்: வரம்பு, வரப்பு, வரிசை

வரப்பு திரிந்ததுதான். அதனால் வழு ஆகிவிடாது. இரும்பு இருப்புப்பாதை ஆகிறது, கரும்பு கருப்பஞ்சாறு ஆகிறது, மருந்து மருத்துப்பை ஆகிறது. மென்றொடர் வன்றொடராவது நம் மொழியின் நடை. அவை தொகையில் மட்டும் வலிக்க, வரப்பு தனிச்சொல்லாகவே நிலைத்துவிட்டது. அதனால் பொருளும் பிரிந்தது: எல்லைக்கு வரம்பு, மண்ணுக்கு வரப்பு. இரண்டு பொருளுக்கு இரண்டு வடிவம் கிடைத்திருப்பது பேறு.

வேரைப் பாருங்கள். வரி, வரை, வரம்பு, வரிசை எல்லாம் கோடு கிழித்தலாகிய ஒரே மூலத்தன என்பது என் துணிபு. வரப்பு போட்டால் வரிசை காக்கப்படும் என்பது வேரிலேயே இருக்கிறது. வரைவு என்னும் களவியல் சொல்லும் இவ்விடத்தது. தலைவன் வரைவு நீட்டிப்பதற்கும் பஃபரில் எழுத்துக் காத்திருப்பதற்கும்...

அனுப்பியவர்: தொகுப்பு
பொருள்: மறு: வரம்பு, வரப்பு, வரிசை

ஐயா, களவியலை வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வைத்துக்கொள்வோம். "வீக் பேரியர்ஸ்" இன்னும் நிற்கிறது.

அனுப்பியவர்: கருனி
பொருள்: உள்வரப்பு, வெளிவரப்பு

அக்கா, அதை "வலுவற்ற" என்று மொழிபெயர்த்தால் ஏதோ அரைகுறை என்று தோன்றும். நடப்பது வேறு. சாதனம் ஹோஸ்டின் இன்னொரு கோரில் ஓடும் நிரல் என்றால், கோர்களுக்கு இடையில் முறை காத்தால் போதும். ஆர்மில் அந்தக் கோர்கள் அடங்கிய உள்வட்டத்துக்கான டிஎம்பி. சாதனம் நிஜமான வன்பொருள் அட்டை என்றால் அது வட்டத்துக்கு வெளியே இருக்கிறது, வெளிவட்டத்துக்கான டிஎம்பி வேண்டும். எது என்பதை, சாதனமும் இயக்கியும் ஒத்துக்கொள்ளும் அம்சப் பட்டியலில் 36ஆம் பிட் சொல்கிறது. அந்த பிட் ஏற்கப்பட்டால் லினக்ஸ் வீக் பேரியர்ஸ் கொடியை இறக்கிவிடும். எனவே உள்வரப்பு, வெளிவரப்பு. மூலத்தைவிட நம் சொல் தெளிவாக இருக்கும்.

33ஆம் பிட்டோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது முகவரி பற்றியது. அது இல்லையென்றால் இயக்கி கெஸ்டின் பௌதிக முகவரியை அப்படியே பதிவில் எழுதும். இருந்தால் தளத்தின் முகவரிப் பெயர்ப்பு வழியாகப் போகும். நினைவகத்தைக் குறியாக்கி ஓடும் கெஸ்டில் இந்த பிட் இல்லாவிட்டால் சாதனம் படிப்பது குப்பை. அங்கே எத்தனை வரப்பு போட்டாலும் உதவாது.

இன்னொரு திருத்தம். கையேட்டின் மாதிரி நிரலில் எஸ்எம்பி (பல கோர் கணினிக்கான) வகை பேரியர் இருக்கிறது. ஒற்றை கோருக்கென்று கம்பைல் செய்த கெஸ்டில் அது வெறும் கம்பைலர் குறிப்பாகச் சுருங்கிவிடும். ஆனால் ஹோஸ்டில் நாலு கோர் இருக்குமே. அதற்கென்றே விர்ட் வகை தனியாக உண்டு. அதைப் போடுங்கள்.

அனுப்பியவர்: வகுப்பறை
பொருள்: மறு: உள்வரப்பு, வெளிவரப்பு

செய்முறைப் பக்கத்திலும் ஓர் ஓட்டை. "வரப்பை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்" என்ற பயிற்சியை மடிக்கணினியில் ஆர்ம் எமுலேட்டர் (ஆர்ம் போல நடிக்கும் மென்பொருள்) வைத்துச் செய்யச் சொல்லியிருக்கிறது. அடியில் எக்ஸ்86 இருப்பதால் பிழை கண்ணில் படவே படாது. மாணவர் வரப்பு தேவையில்லை என்ற முடிவுக்கு வருவார். ராஸ்பெரி பை 4 மாதிரி நிஜ ஆர்ம் பலகையில் கேவிஎம் (லினக்ஸின் மெய்நிகராக்க வசதி) வைத்து, கெஸ்டின் கோரையும் சாதன நிரலையும் வேறு வேறு கோர்களில் கட்டிப்போட்டு ஓட்டச் சொல்லுங்கள். அப்போதும் எப்போதாவதுதான் தலைகாட்டும், லட்சக்கணக்கில் பொட்டலம் விட வேண்டும்.

அனுப்பியவர்: யாழ்
பொருள்: வரப்பு பற்றி ஒரு ஐயம்

டிஎஸ்பி என்ற கட்டளைக்கும் வரப்பா? டிஎம்பி முறையை மட்டும் காக்கும். டிஎஸ்பி முன்னையவை முடியும்வரை செயலியையே நிறுத்தி வைக்கும். அங்கே "தடை" பொருந்துமே.

அனுப்பியவர்: கருனி
பொருள்: மறு: வரப்பு பற்றி ஒரு ஐயம்

நியாயம். அதற்கு மதகு? கீழே இறக்கினால் தண்ணீர் நிற்கும். வயல்வாசனை கூடிப்போகிறது என்பவர்களுக்கு: பவர் செயலியில் முறை காக்கும் வேலைக்கு ஈஐஈஐஓ என்றொரு கட்டளை இருக்கிறது. ஆங்கிலக் குழந்தைப் பாட்டு ஒன்றில் பண்ணைக்காரனுக்கு வரும் பல்லவி அது. அவர்கள் பண்ணைக்குப் போகலாம், நாம் வயலுக்குப் போகக்கூடாதா?

அனுப்பியவர்: தொகுப்பு
பொருள்: முடிவு (வெள்ளி காலை)

நினைவக வரப்பு, எழுதுவரப்பு, படிவரப்பு, முழுவரப்பு, உள்வரப்பு, வெளிவரப்பு. வினை "வரப்பு போடு". "வரப்பு வெட்டு" கூடாது, உடைத்துவிடுவதாகப் படும். முதல் இடத்தில் மட்டும் "மெமரி பேரியர் எனப்படும் நினைவக வரப்பு". டிஎஸ்பி ஒரே இடத்தில் வருவதால் அப்படியே விட்டுவிட்டேன். மாதிரி நிரலும் செய்முறையும் திருத்தியாகிவிட்டது.

அனுப்பியவர்: யாழ்
பொருள்: மறு: முடிவு

சரி. எங்கள் பதிப்பில் வேலி என்றே போடுவோம், அடிக்குறிப்பில் வரப்பைச் சொல்லிவிடுகிறோம்.

அனுப்பியவர்: புலவர்
பொருள்: மறு: மறு: முடிவு

என் மறுப்பு ஒன்றைச் சொற்பட்டியலில் பதிந்துவிடவும். இயக்கியும் சாதனமும் பகிரும் விர்ட்கியூவுக்கு வரிசை, பைட் அமைப்புக்கு வரிசை, முறைமைக்கும் வரிசை என்று இயலில் 31 இடத்தில் இருக்கிறது. 22ஆம் பக்கத்தில் "வரிசையின் வரிசை வரிசையாக இல்லாவிட்டால்" என்று ஒரு வாக்கியம். கியூவுக்கு "சாரை" எறும்பிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அனுப்பியவர்: தொகுப்பு
பொருள்: மறு: மறு: மறு: முடிவு

அச்சுக்குப் போய்விட்டது ஐயா.