மழைக்காலச் சீன சூப் கூழாகிறது, கசக்கிறது: எங்கே தப்பு?

வேளச்சேரிவாசி:
ஐப்பசி மழை பிடித்துவிட்டது. தென்சீனாவின் குவாங்டாங் பக்கத்து வீடுகளில் ஈரம் மிகுந்த நாட்களில் வைக்கும் சூப்பை சென்னையில் கிடைப்பதை வைத்துச் செய்ய வேண்டும், நாலு பேருக்கு. யீமி (Job's tears என்ற தானியம்) கிடைக்காததால் அதற்குப் பதில் பார்லி, சிவப்புப் பயறுக்குப் பதில் ராஜ்மா, தோல் சீவிய வெண்பூசணி, நாட்டுக்கோழி, காய்ந்த ஆரஞ்சுத் தோல் எல்லாம் ஒன்றாகக் குக்கரில், ஆறு விசில். கொழகொழவென்று வருகிறது, பூசணி கரைந்துபோகிறது, அடிநாக்கில் கசப்பு வேறு. தாமரை விதை, மக்கானா சேர்க்கலாமா? வீட்டில் ஒருவர் சைவம்.

குழம்புச்சட்டி:
கூழாவது பார்லியால். அதிலுள்ள பீட்டா குளுக்கான் வெந்ததும் தண்ணீரைக் கெட்டியாக்கிவிடும். யீமி வேறு தானியம். சைனீஸ் பேர்ல் பார்லி என்று லேபிள் ஒட்டி விற்பதால்தான் இவ்வளவு குழப்பமும். கையில் எடுத்துப் பாருங்கள்: பார்லியைவிடப் பெரிது, வெள்ளையாக உருண்டிருக்கும், நடுவில் அகலமான பழுப்புப் பள்ளம் ஓடும். எண்ணெய்ச் சத்துள்ள தானியம், நம் ஊர்ப் புழுக்கத்தில் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். வாங்கியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

அடுத்தது வறுப்பது. பச்சை யீமியைச் சீன மருத்துவம் குளிர்ச்சி என்கிறது. மழைக்குளிருக்கு வறுத்ததுதான் ஏற்றது. 50 கிராமை ஊறவைக்காமல், எண்ணெய் விடாமல், அடி கனத்த வாணலியில் சிறு தீயில் 10 நிமிடம் கை விடாமல் கிளறுங்கள். முதலில் வெள்ளை மங்கும், பிறகு வெளிர் மஞ்சள், கடைசியில் அங்கங்கே படபடவென்று வெடித்துப் பொரி வாசனை வரும். அங்கேயே இறக்கி உடனே தட்டில் கொட்டிவிட வேண்டும். வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகும், கருகினால் சூப் முழுக்கக் கசக்கும்.

ராஜ்மா வேண்டாம், மாவாகக் கரைந்து சூப்பைக் கலக்கிவிடும். அங்கே இதற்கு எடுப்பது ஒடுங்கி நீண்ட சிவப்புப் பயறு. நமக்கு ருசியில் பக்கம் வருவது சிவப்புக் காராமணி. 40 கிராம், 4 மணி நேரம் ஊறட்டும்.

400 கிராம் கோழியைத் தோல் நீக்கி, பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றுங்கள். நுரை திரண்டதும் வடித்துக் கழுவிவிடுங்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் மேல்பக்கம் இறுகி, ரத்தம் உள்ளேயே நின்று, பின்னால் சூப்பில் இறங்கும். கோழி, யீமி, காராமணி, 3 வில்லை இஞ்சி, இரண்டரை லிட்டர் தண்ணீர். கொதி வந்ததும் சிறு தீயில் ஒன்றே கால் மணி நேரம். அதன்பிறகுதான் பூசணி 600 கிராம், தோலோடு, பெரிய துண்டுகளாக, இன்னும் 25 நிமிடம். தோல்தான் துண்டைப் பிடித்து நிறுத்தும், உடம்பில் தேங்கும் ஈரத்தைப் போக்கவென்று சீன மருத்துவம் மதிப்பதும் அந்தத் தோலைத்தான். மேலே இருக்கும் சாம்பலையும் சுணையையும் தேங்காய் நார் வைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். சாப்பிடும்போது தோலை ஒதுக்கிவிடலாம். உப்பு இறக்கும்போதுதான். ஆயுத பூஜைக்குக் குவிந்த பூசணி இப்போது மலிவாகவே கிடைக்கும்.

பாரிமுனைக்காரர்:
கசப்பு அநேகமாக ஆரஞ்சுத் தோலால். அங்கே இந்த சூப்பில் போடும் சென்பி என்பது மாண்டரின் தோலை ஆண்டுக்கணக்கில் பதப்படுத்தியது, மூன்று வருடத்துக்குக் குறைந்ததை அவர்கள் சென்பி என்றே ஏற்பதில்லை. கமலா ஆரஞ்சுத் தோலைக் காயவைத்து அந்த இடத்தில் வைக்கலாம், ஆனால் கால் பழத்தின் தோலே நாலு பேருக்குப் போதும். 20 நிமிடம் ஊறவைத்து, உள்பக்க வெள்ளைச் சதையைக் கரண்டியால் சுரண்டிவிட்டுப் போடுங்கள்.

தாமரை விதை தாராளமாகச் சேர்க்கலாம், 20 கிராம். நாட்டு மருந்துக் கடையில் கருப்பு ஓட்டோடு தருவார்கள், அது எத்தனை மணி நேரம் கொதித்தாலும் வேகாது. ஓடு நீக்கிய வெள்ளை விதை கேளுங்கள். ஊறியதும் இரண்டாகப் பிளந்து நடுவிலுள்ள பச்சை முளையை எடுத்துவிடுங்கள், அது கடுங்கசப்பு. மக்கானா தாமரை விதை இல்லை, முள்ளுள்ள ஒரு அல்லிச் செடியின் விதை. அங்கே சூப்பில் போடுவதும் அதே அல்லி விதைதான், ஆனால் அவர்கள் பொரிக்காத பருப்பைப் போடுகிறார்கள். நம் பொரித்த மக்கானா சூப்பில் ஊறிச் சொதசொதவென்று ஆகிவிடும், விட்டுவிடுங்கள்.

வேளச்சேரிவாசி:
ஒன்றே முக்கால் மணி நேரம் கேஸ் எரிக்க முடியாது, குக்கர் ஆகாதா? சைவத்துக்கு?

குழம்புச்சட்டி:
ஆகும். தண்ணீரை ஒன்றரை லிட்டராகக் குறையுங்கள், குக்கரில் நீராவி வீணாகாது. மொத்தமும் பாதிக்கு மேல் போகக் கூடாது, பயறு நுரைத்து வெயிட் துவாரத்தை அடைக்கும். ஒரு விசிலுக்குப் பின் சிறு தீயில் 25 நிமிடம். பிரஷர் தானாக அடங்கட்டும். திறந்து பூசணி போட்டு மூடாமல் 20 நிமிடம்.

சைவத்துக்கு மொச்சை. வெள்ளை மொச்சையைச் சீன மருத்துவமும் இதே ஈரத்துக்கு, லேசாக வறுத்துத்தான் எடுக்கிறது. 50 கிராம் வறுத்து, இரவு ஊறவைத்து, தோலைப் பிதுக்கி, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு நன்றாகக் குழைய வேகவிடுங்கள். அரைவேக்காட்டு மொச்சை வயிற்றைக் கெடுக்கும். கோழிச்சாறின் ருசிக்கு ஒரு மக்காச்சோளக் கதிரும் 4 உலர் ஷிடாகே காளானும்.

பாரிமுனைக்காரர்:
இதே சூப்பை ஆவணிப் புழுக்கத்துக்கு வைக்காதீர்கள். சீன மருத்துவக் கணக்கில், உடல் கனம், பசி மந்தம், நாக்கில் தடித்த வெள்ளைப் படலம் என்றால் வறுத்த யீமி, இஞ்சி. படலம் மஞ்சளாகி, வாய் கசந்து, தாகமும் எடுத்தால் பச்சை யீமி, இஞ்சி ஒரே வில்லை, பூசணி கூடுதல். கர்ப்பிணிகளுக்கு யீமி கொடுப்பதில்லை. கால் வீக்கம் இருந்தாலோ, சிறுநீரகக் கோளாறுக்கு மருந்து எடுத்தாலோ முதலில் டாக்டரைப் பாருங்கள், சூப் அதற்கு வைத்தியமில்லை.