மணவாளக்குறிச்சி மணலில் தனிம அட்டவணை: வகுப்பில் செய்து பார்த்தவை

118 தனிமத்தையும் ஒப்பிக்க வைத்தால் பிள்ளைகள் மனசில் வரிசை எண்தான் பதியும். அட்டவணையின் உயிர், மேலிருந்து கீழே இறங்கும் தொகுதியில் இருக்கிறது. அதைக் காட்ட நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக் கறுப்பு மணலைவிட நல்ல பாடப்பொருள் கிடையாது.

அலை ஏறி இறங்கிய இடத்தில் கறுப்பு வரியாகப் படிவதில் பெரும்பங்கு இல்மனைட் என்ற கனிமம். அதில் இரும்பு, டைட்டானியம், ஆக்சிஜன். வகுப்பறைச் சட்டக்காந்தத்துக்கு இது சரியாக வராது, ஈர்ப்பு அவ்வளவு குறைவு. பழைய ஹார்டு டிஸ்கில் இருக்கும் நியோடிமியம் காந்தம் வேண்டும். பாலித்தீன் கவருக்குள் காந்தத்தைப் போட்டு, காய்ந்த மணலை ஒட்டினாற்போல மெதுவாக நகர்த்துங்கள். காந்தத்தை வெளியே உருவினால் துகள் உதிர்ந்துவிடும். கவர் போடாவிட்டால் துகளைச் சுரண்டுவதிலேயே பீரியடு முடியும். ஈர மணலில் எல்லாம் சேர்ந்து ஒட்டும், ஒன்றும் பிரியாது. கூடவே சிவப்பாக வருவது கார்னெட் என்ற இன்னொரு கனிமம்.

காந்தத்துக்கு மசியாமல் கிடப்பதில் சிர்கான் உண்டு, அதுதான் சிர்கோனியக் கனிமம். இப்போது அட்டவணையை விரியுங்கள்: 22 டைட்டானியம், நேர் கீழே 40 சிர்கோனியம், அதன் கீழே 72 ஹாஃப்னியம். 4ஆம் தொகுதியில் இயற்கையாகக் கிடைக்கும் மூன்றும் காலடியில் கிடக்கின்றன! சிர்கோனியமும் ஹாஃப்னியமும் அணு அளவில் ஏறக்குறைய ஒன்று. அதனால்தான் சிர்கோனியக் கனிமத்துக்குள் ஒளிந்திருந்த ஹாஃப்னியம் 1923 வரை யார் கண்ணிலும் படவில்லை.

*

மேலே உள்ள குறிப்புக்கு வந்த பதில்: டீச்சர், ஒன்று கட்டாயம் சேர்க்கணும். அந்த மணலில் மோனசைட் என்ற கனிமமும் இருக்கு. அதில் தோரியம், கதிரியக்கம் உள்ளது. மணலை டப்பாவில் அள்ளிப் பள்ளி அலமாரியில் வைக்க வேண்டாம். கரையிலேயே செய்து அங்கேயே கொட்டிவிடுங்கள். ஊதித் தூசி கிளப்பக் கூடாது. சாப்பிடுமுன் கை கழுவணும்.

அட்டவணைக்கு அடியில் இரண்டு வரிசை ஏன் தனியாகத் தொங்குது என்று பிள்ளைகள் கேட்கும் இடமும் இதுதான். மோனசைட்டில் உள்ள சீரியம் 58 அதில் மேல் வரிசை, தோரியம் 90 கீழ் வரிசை; ஒன்றுக்கு நேர் கீழே மற்றது. பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டிலில் (ஒளிரும் வலையில்) தோரியம் ஆக்சைடு 99 பங்கு, சீரியம் ஆக்சைடு 1 பங்கு இருந்தது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இந்த மோனசைட்டைக் கண்டதே, இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில். கவருக்குள் இருந்த காந்தத்தின் நியோடிமியமும், 60, மோனசைட்டில் உள்ளதுதான்.

*

கடற்கரை தூரமான பள்ளிகளுக்கு, ஒரே தொகுதியின் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் காட்டும் சுடர்ச் சோதனை (பொருளைக் கம்பி நுனியில் தொட்டுச் சுடரில் காட்டி நிறம் பார்ப்பது): சாமிதோப்பு உப்பு, தேங்காய்மட்டைச் சாம்பல், நைக்ரோம் கம்பி. கம்பியை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முக்கி, சுடரில் நிறம் வருவது நிற்கும் வரை சுட்ட பிறகே தொடங்கணும். உப்பு மஞ்சளாக எரியும், சோடியம். சாம்பலில் பொட்டாசியம் இருந்தும் மஞ்சளே தெரியும். துளி சோடியம் போதும், ஊதாவை மறைத்துவிடும். கோபால்ட் நீலக் கண்ணாடி வழியே பார்த்தால் மஞ்சள் வடிந்து ஊதா தெரியும். மெழுகுவர்த்திச் சுடரே மஞ்சள், அதில் செய்யாதீங்க.