வாய் தைக்காத பாவைப்பிள்ளை: நான் கேட்டது பிழையா?

திருக்கடலூர் தையல்காரி:
வணக்கம். திருகோணமலையில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறேன். சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் ஒழுங்கை முடிவில் இருக்கிற மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் பாவைப்பிள்ளை செய்யக் காட்டிக்கொடுக்கிறேன். 13 முதல் 16 வயது வரை பன்னிரண்டு பேர், அதில் நாலு பெடியள். கடையில் மிஞ்சும் வெட்டுத்துண்டு, இலவம் பஞ்சு, கம்பளி நூல், பழைய தெறிகள்தான் சாமான். ஒருவன் அப்பாவின் தங்கூசியை (மீன்பிடி நைலோன் நூல்) கொண்டுவந்து அதால்தான் தைக்கிறான். சாதா நூல் அறுந்துபோகுதாம்.

இந்த வயதுப் பிள்ளையிடம் “ஏன் முகம் வாடிக் கிடக்கு?” என்றால் “ஒண்டுமில்லை” என்றுதான் வரும். ஆனால் கையில் ஊசி இருந்தால் வாய் தானாகத் திறக்கும். கடையில் தைத்துக்கொண்டே பெண்கள் சொல்லாத கதையா? அதை நம்பித்தான் தொடங்கினேன்.

முதல் கிழமை பலகையில் கோபம், கவலை, பயம், சந்தோசம் என்று எழுதி, ஒன்றை எடுத்துப் பொம்மையாக்கச் சொன்னேன். பன்னிரண்டும் சந்தோசம்! சோதனைக்கு விடை எழுதியதுபோல எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்புச் சிரிப்பு. சரி, அடுத்த கிழமை விருப்பப்படி விட்டேன். பதினாலு வயதுப் பிள்ளை ஒருத்தி இரட்டைப் பின்னல், பள்ளிக்கூட ரை, காதில் தோட்டுக்கு ஒரு மணி என்று எல்லாம் வைத்தாள். வாய் மட்டும் இல்லை. நான் எல்லார் முன்னாலும் “வாய் எங்க பிள்ளை?” என்று கேட்டுவிட்டேன். பொம்மையைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனவள்தான். இரண்டு கிழமையாக வரவில்லை. ரியூசன் என்கிறார் தாய். எனக்குத் தெரியும், ரியூசன் இல்லை.

இதை எப்படிச் சரிசெய்வது? இன்னொன்று, இரண்டு பெடியள் “இது பொம்பிளைப் பிள்ளையள் விளையாட்டு” என்று ஃபோனோடு வாசலில் இருக்கிறார்கள்.

கிண்ணியா சித்திர வாத்தியார்:
தங்கச்சி, பெடியளிடம் பொம்மை என்ற சொல்லையே எடுக்காதீர்கள். வெருளி கட்டச் சொல்லுங்கள். தம்பலகாமம் வயல் பக்கம் போய்வந்தவனுக்கு அது ஆம்பிளை வேலை. இரண்டு தடி, பழைய சாரம், வைக்கோல் போதும். “இது எதை விரட்டப் போகுது?” என்று மட்டும் கேளுங்கள். என் வகுப்பில் ஒருவன் உடைந்த ஹெல்மெட்டைத் தலையாக வைத்து, “இது எங்கட வீட்டு வாசலுக்கு சேர்” என்றான். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. அடுத்த கிழமை அவனாகவே வந்து கதைத்தான்.

முகாம் பிள்ளை:
அக்கா, பன்னிரண்டும் ஏன் சந்தோசம் என்று எனக்கு விளங்குது. 2004 சுனாமிக்குப் பிறகு நான் முகாமில் இருந்தேன், 12 வயது. படம் கீறச் சொல்லி மூன்று தரம் ஆட்கள் வந்தார்கள். மூன்று தரமும் அலை கீறினேன். அலை கீறினவர்களோடுதான் அவர்கள் கனநேரம் இருந்து கதைப்பார்கள், பென்சில் பெட்டியும் கிடைக்கும். எனக்கு உண்மையில் கவலை எங்கட நாயைப் பற்றி. பலகையில் எழுதினால் பிள்ளைகள் உங்களுக்குப் பிடித்ததைத்தான் தருவார்கள்.

மட்டக்களப்பு உளவளத்துணை:
வாய் இல்லாததற்கு உடனே பெரிய அர்த்தம் தேடவேண்டாம். கைவேலைக்கும் கற்பனைக்கும் முதலிடம் கொடுக்கிற வால்டோர்ஃப் பள்ளிகளின் துணிப் பொம்மைகளுக்கு வேண்டுமென்றே கண்ணும் வாயும் பொட்டளவில்தான் வைப்பார்கள். அது அழுகிறதா சிரிக்கிறதா என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும் என்று. கலைவழிச் சிகிச்சையை வளர்த்தவர்களில் மார்கரெட் நௌம்பர்க், படைப்பில் வெளிப்படுவதைப் பேசி விளங்கிக்கொள்ள வேண்டும் என்றார். ஈடித் கிராமருக்கோ செய்கிற வேலையே மருந்து. தையல்காரியான உங்களுக்குக் கிராமர் வழி போதும். கதைப்பதென்றால் பொம்மையைப் பற்றிக் கதையுங்கள். “இவளுக்கு என்ன பெயர்? எங்க இருக்க விருப்பம்?” ‘ஏன்’ என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். கலைமகள் விழாவில் காட்சிக்கு வைக்கிற ஆசை இருந்தால் அதையும்தான்.

அடி, காயம், சாகவேணும் என்ற பேச்சு ஏதும் வெளிவந்தால் நீங்கள் தனியே சுமக்கவேண்டாம். சிறுவர் உதவிக்கு 1929, மனநல உதவிக்கு 1926 இருக்கிறது. அதை இரகசியமாக வைப்பேன் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

திருக்கடலூர் தையல்காரி:
எல்லாருக்கும் நன்றி. அவள் வீட்டுக்குப் போனேன். பொம்மைப் பேச்சே எடுக்கவில்லை. “கம்பளி நூல் சிக்கிப்போச்சு, உன்ர கைக்குத்தான் சரிவரும், எடுத்துத் தாறியா?” என்றேன். திண்ணையில் இருந்து ஒரு மணித்தியாலம் சிக்கெடுத்தோம். சனிக்கிழமை வந்தாள். வாய் இன்னும் இல்லை. ஆனால் சட்டையில் ஒரு பொக்கற் தைத்திருக்கிறாள், உள்ளே ஏதோ மடித்த தாள். நான் கேட்கவில்லை.

மண்டப வாசலில் இப்போது மூன்று வெருளி நிற்குது. ஒன்றுக்குத் தலையில் ரியூசன் கொப்பி மட்டை. உள்ளே அடைக்க இருந்த இலவம் பஞ்சும் முடிந்துவிட்டது, உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் யாருடைய வளவிலாவது மரம் நின்றால் சொல்லுங்கள், நானே வந்து பொறுக்குகிறேன்.