மறுமொழி: 'குளிர்கால உறக்கம்' எங்கள் 'தாங்' விலங்குக்குப் பொருந்தவில்லை, 'தணிவு' எனலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் கோயில் வகுப்புப் பிள்ளைகளுக்காக 'உயிர்களும் வெப்பநிலையும்' என்றொரு பாடம் எழுதி வருகிறேன். வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்று விளக்கும் பகுதி எளிதாகவே முடிந்தது. சில விலங்குகள் உடல் வெப்பநிலையும் உடலின் வேகமும் இறங்கி அசைவற்றுக் கிடக்கும் நிலைக்கு ஆங்கிலத்தில் டார்பர் என்று பெயர்; அது மாதக்கணக்கில் நீடித்தால் ஹைபர்னேஷன். இவற்றுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறேன். சென்னை அம்மா நேற்று எழுதியது:

> ஹைபர்னேஷனுக்குக் குளிர்கால உறக்கம் என்பது பாடநூல்களில் வேரூன்றிவிட்டது. டார்பருக்கு மந்தநிலை போதும். இருப்பதை ஏன் கலைக்க வேண்டும்?

கலைக்க வேண்டிய காரணம் எங்கள் வீட்டுக் கொல்லைக்கே வருகிறது, அம்மா. மொரீசியசின் கிரியோல் மொழியில் அதற்குத் 'தாங்' என்று பெயர். மடகாஸ்கரிலிருந்து இறைச்சிக்காகக் கொண்டுவந்து விடப்பட்ட டென்ரெக் என்ற சிறு பாலூட்டி. பார்க்க முள்ளெலி மாதிரி இருக்கும், ஆனால் அந்த இனமே இல்லை. கோடையில் இரவெல்லாம் சருகைக் கிளறித் திரியும். குளிர்காலம் வந்தால் கண்ணில் படாது.

எனக்குப் பத்து வயதிருக்கும். கரும்பு வெட்டிய நிலத்தில் மாமா ஒரு கற்குவியலைப் பிரித்துப் போட்டபோது அடியில் ஒன்று சுருண்டு கிடந்தது. கையில் வாங்கினேன். சில்லென்றும் இல்லை, கதகதப்பும் இல்லை. அது கிடந்த மண் என்ன சூடோ அதே சூடு. "செத்துப்போச்சு மாமா" என்றேன். "பொறு, பாரு" என்றார். வெகுநேரம் கழித்து விலா ஒரே ஒரு முறை ஏறி இறங்கியது. பிறகு மறுபடி அசைவில்லை.

அது ஜூலை மாதம். எங்கள் குளிர்காலச் சராசரி 20.4 டிகிரி செல்சியஸ். உங்கள் மார்கழி விடியற்காலை அளவுதான். எங்களுக்கோ மார்கழி வேர்த்துக் கொட்டும் மாதம். இந்த லட்சணத்தில் 'குளிர்' என்று தொடங்கும் சொல்லைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்?

இது எங்கள் தீவின் தனிக்கதை அன்று. மடகாஸ்கரில் கொழுத்த வால் கொண்ட குள்ள லெமூர் ஏழு மாதம் மரப்பொந்தில் கிடக்கிறது என்று 2004-இல் கண்டறிந்தார்கள். பொந்தின் சுவர் மெல்லியதாக இருந்தால் அதன் உடல் வெப்பநிலை ஒரே நாளில் ஏறக்குறைய 20 டிகிரி ஏறி இறங்குகிறது. வெயில் ஏறினால் உடம்பும் சூடாகிறது, ஆனாலும் அது எழுந்திருப்பதில்லை.

'உறக்கம்' என்பதும் தவறு. ஹைபர்னேஷனில் கிடக்கும் தரை அணில்களை ஆராய்ந்தவர்கள் 1991-இல் எழுதினார்கள்: இடையிடையே உடம்பைச் சூடேற்றிக்கொண்டு எழும்போது, நெடுநாள் தூங்காதவர்களுக்கு வருவது போன்ற ஆழ்ந்த தூக்கம் அவற்றுக்கு வருகிறது. அதாவது தூங்குவதற்காகவே அந்த நிலையிலிருந்து வெளியே வருகின்றனவோ என்று கேட்கும் அளவுக்கு! அதைப் போய் உறக்கம் என்கிறோம். 'மந்தநிலை' பொருளாதாரக்காரர்கள் எடுத்துக்கொண்ட சொல். அதோடு, மந்தம் என்றால் வயிற்றுக் கோளாறும் படிப்பு வராத பிள்ளையும்தான் நினைவுக்கு வரும்.

என் முன்மொழிவு: டார்பருக்குத் தணிவு. மாதக்கணக்கில் நீடிப்பதற்கு நெடுந்தணிவு. ஓர் இரவோ ஒரு பகலோ மட்டும் என்றால் நாள் தணிவு. பெருவின் ஆண்டிஸ் மலையில் ஹம்மிங்பேர்டு என்ற சின்னஞ்சிறு பறவை ஒன்றின் உடல் வெப்பநிலை இரவில் 3.26 டிகிரி வரை இறங்கியதாக 2020-இல் அளந்தார்களே, அது நாள் தணிவு.

காய்ச்சல் தணிகிறது, பசி தணிகிறது, கோபம் தணிகிறது. சூட்டுக்கும் பொருந்துகிறது, சூடல்லாத வேகத்துக்கும் பொருந்துகிறது. முருகன் சினம் தணிந்த இடம் திருத்தணி என்பது காவடி எடுக்கும் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே தெரியும். தீமிதிக் குழியில் நீறு பூத்த நெருப்பையும் பார்த்திருக்கிறார்கள். மேலே சாம்பல், உள்ளே கங்கு. தாங்கின் நிலை அதுவேதான்.

இவற்றைவிடப் பெரிய காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. உடல் வெப்பநிலை பத்து டிகிரி இறங்கினால் வளர்சிதை மாற்றத்தின் வேகம், அதாவது உயிர்வாழ உடலுக்குள் நடக்கும் வேதிவினைகளின் வேகம், இரண்டில் ஒரு பங்காகவோ மூன்றில் ஒரு பங்காகவோ குறையும். வேதிவினைகளின் பொது இயல்பு அது. அப்படியானால் உடம்பு ஆறியதால் வேகம் குறைந்ததா, வேகத்தைக் குறைத்ததால் உடம்பு ஆறியதா? அமெரிக்கக் கருங்கரடி இதற்கு விடை சொல்கிறது. 2011-இல் வந்த அளவீட்டின்படி அதன் உடல் 30 முதல் 36 டிகிரியிலேயே இருக்க, வளர்சிதை மாற்றம் கால் பங்காகிவிடுகிறது. சூடு சிறிதே குறைய, வேகம் இவ்வளவு குறைகிறது என்றால் உடலே அதை அடக்குகிறது என்றுதானே பொருள்? தமிழில் இதை ஒரே வேரில் சொல்லலாம்: கரடி தன் வளர்சிதை மாற்றத்தைத் *தணிக்கிறது*, அதனால் உடல் வெப்பநிலை *தணிகிறது*. பிறவினையும் தன்வினையும் காரணத்தையும் விளைவையும் பிரித்துக் காட்டிவிடுகின்றன. 'உறக்கம்' இதைச் செய்யாது.

---

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வணக்கம். உங்கள் தாங்கைப் பற்றி எங்கள் மாகாணத்துக் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தார் 2014-இல் எழுதியிருக்கிறார்கள். மடகாஸ்கரில் ஒரு தாங் ஒன்பது மாதம் இடையில் ஒருமுறைகூட எழவில்லையாம். குளிர்நாட்டுச் சிறு விலங்குகள் சில வாரங்களுக்கு ஒருமுறை எழுந்துவிடும். சொல்லுக்கு வருகிறேன். 'துஞ்சல்' என்று வைத்துக்கொண்டால் என்ன? பழைய சொல், சிறிய சொல், சோம்பிக் கிடத்தல் என்ற பொருளும் உண்டு.

---

டர்பன் ஐயாவுக்கு நன்றி. துஞ்சல் என் காதுக்கும் இனிக்கிறது. ஆனால் சங்க இலக்கியம் 'குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன்' என்று சொல்லும் சோழ மன்னன் தூங்கவில்லை ஐயா, இறந்துவிட்டான். பத்து வயதில் நான் செய்த தவற்றையே அந்தச் சொல் திரும்பச் செய்யும். ஒரு பொருள் உறக்கம், மறுபொருள் சாவு. இரண்டும் இல்லை என்பதுதானே பாடம்.

சென்னை அம்மா தனி மடலில் ஒன்று கேட்டிருந்தார்: தேர்வில் 'குளிர்கால உறக்கம்' என்று எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண் உண்டா? கண்டிப்பாக உண்டு. பாடத்தில் நெடுந்தணிவு முதலில் வரும் இடத்தில் பழைய சொல்லையும் பக்கத்தில் கொடுக்கிறேன்.

இன்னொன்று மிச்சம் இருக்கிறது. தணிவிலிருந்து உடம்பைச் சூடேற்றிக்கொண்டு எழுவதற்கு 'விழிப்பு' என்றால் உறக்கம் பின்வாசலால் நுழைந்துவிடும். 'மீள்கனல்வு' என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. பிள்ளைகள் வாயில் அது நுழையாது. சனிக்கிழமை வகுப்புக்குள் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.