ஓங்கி வாசித்தாலும் பேஸ் ‘கடிக்க’ மாட்டேன் என்கிறது (சர்ஜ் எக்ஸ்டி)

அடிநாதம்:
சர்ஜ் எக்ஸ்டி என்ற மென்பொருள் சிந்தசைசரில் ஒரு பேஸ் பேட்ச் (ஒலி அமைப்பு) செய்துகொண்டிருக்கிறேன். சா வேவ் (ரம்பப்பல் அலை) ஒன்று, அதன் மேல் அதிர்வெண்களை வெட்டும் 24 டிபி லோ-பாஸ் ஃபில்டர், அவ்வளவுதான். மெல்லத் தொட்டால் மூடின குரலில் உருண்டு வர வேண்டும். ஓங்கி அடித்தால் முதல் கணத்தில் ‘ட்வாக்’ என்று கடிக்க வேண்டும். வெலாசிட்டியை (கீயை அடிக்கும் வேகம்) கட்ஆஃபுக்கு (ஃபில்டர் வெட்டத் தொடங்கும் அதிர்வெண்) இணைத்துப் பார்த்தேன். ஓங்கி அடித்த நோட், விரலை எடுக்கும்வரை ஒரே பளீராக நிற்கிறது. மெல்ல வாசித்தாலோ டிரம்ஸுக்கு அடியில் காணாமல் போகிறது. எங்கே கை வைக்க?

திருகுகுமிழ்:
வெலாசிட்டி என்பது கீயை அழுத்தியதும் போகும் ‘நோட் ஆன்’ செய்தியோடு ஒரே ஒரு முறை வரும் எண், 1 முதல் 127 வரை. அந்த நோட் முடியும்வரை அது மாறாது. அதை நேரே கட்ஆஃபுக்குக் கொடுத்தால் கட்ஆஃபும் ஏறின இடத்திலேயே நிற்கத்தான் செய்யும். கடி என்பது ஏறி இறங்குகிற விஷயம். அதற்கு என்வலப், அதாவது நேரத்தோடு ஒரு அளவை ஏற்றி இறக்கும் பகுதி, வேண்டும். வெலாசிட்டி அந்த என்வலப்பின் அளவை ஆளட்டும்.

இப்போது போட்ட இணைப்பை எடுத்துவிடுங்கள். கட்ஆஃப் 200 ஹெர்ட்ஸ். ஃபில்டர் என்வலப்பில் அட்டாக் (ஏறும் நேரம்) 0, டிகே (இறங்கும் நேரம்) 200 மில்லிசெகண்ட் அளவில், சஸ்டெயின் (இறங்கி நிற்கும் அளவு) 0. ஃபில்டர் 1-க்குப் போகும் என்வலப் அளவு 12 செமிடோன், அதாவது ஒரு ஆக்டேவ் (அதிர்வெண் இரட்டிப்பு). பிறகு வெலாசிட்டியைத் தேர்ந்து, அந்த அளவு ஸ்லைடர் மீதே 36 செமிடோன் கொடுங்கள். மெல்லத் தொட்டால் ஃபில்டர் 400 ஹெர்ட்ஸ் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடும். 127-இல் அடித்தால் நாலு ஆக்டேவ் ஏறி 3200-ஐத் தொட்டுத் திரும்பும். நீங்கள் கேட்கிற ட்வாக் அதுதான்.

மெல்ல வாசித்தால் காணாமல் போவதற்குக் காரணம் ஆம்ப் (ஒலியளவு) பகுதியில் இருக்கும் ‘வெலாசிட்டி > கெயின்’. அதை உச்சத்தில் வைத்தால்தான் வெலாசிட்டி ஒலியளவைத் தொடாது. கீழே இறக்க இறக்க மெல்லிய நோட்டுகள் அமுங்கும். பேஸுக்கு நான் எப்போதும் உச்சத்தில்தான் வைப்பேன். பியானோவில் ஓங்கி அடித்தால் சுத்தியலின் ஃபெல்ட் இறுகி, மேல் ஹார்மானிக்குகள் (அடிநோட்டின் மடங்கு அதிர்வெண்கள்) கூடுதலாகக் கிளம்பும். காது அந்தப் பளிச்சை வைத்தே விரலின் பலத்தைக் கண்டுகொள்ளும், சத்தம் ஏற வேண்டியதில்லை.

ரெசொனன்ஸை (கட்ஆஃப் பக்கத்து ஒலியைத் தூக்கிக் காட்டுவது) மட்டும் அடக்கி வையுங்கள். கூடினால் ஒவ்வொரு அடிக்கும் ஃபில்டரே ஊளையிடும், அடிநோட் மெலிந்துவிடும்.

பழைய வயர்:
சத்தத்தையும் பளிச்சையும் பிரித்து வைப்பது 70-களிலேயே வந்துவிட்டது. யமஹா சிஎஸ்-80-இல் தொடும் விசை பிரில்லியன்ஸுக்கு எவ்வளவு போக வேண்டும், லெவலுக்கு எவ்வளவு என்று தனித்தனிக் கட்டுப்பாடு உண்டு. இன்னொன்று: உங்கள் கீபோர்டிலிருந்து உண்மையில் என்ன எண் வருகிறது என்று ஒரு மிடி மானிட்டரில் பாருங்கள். என்ன அடித்தாலும் 90-க்கும் 110-க்கும் நடுவிலேயே நின்றால், பேட்சைத் திருகிப் பயனில்லை. கீபோர்டின் வெலாசிட்டி கர்வை (எவ்வளவு ஓங்கி அடித்தால் எந்த எண் என்ற அமைப்பு) மாற்றுங்கள்.

அடிநாதம்:
நன்றி அண்ணா, கடி வந்துவிட்டது! பழைய வயர் சொன்னபடி பார்த்தேன், எண்கள் 30-இலிருந்து 120 வரை ஒழுங்காகத்தான் வருகின்றன. ஆனால் கீழ் நோட்டுகள் மட்டும் இன்னும் மந்தமாக இருக்கின்றன. ‘கீ-டிராக்’கை (வாசிக்கும் நோட்டோடு கட்ஆஃபும் நகரும் அளவு) 100% வைத்திருக்கிறேன்.

திருகுகுமிழ்:
அதன் மையம் மிடி நோட் எண் 60-இல் (நடு சி) இருக்கும். நீங்கள் 36-இல் வாசித்தால் கட்ஆஃப் இரண்டு ஆக்டேவ் கீழே, 50 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். அங்கிருந்து என்வலப் எவ்வளவு ஏற்றினாலும் பாதி வழிதான். மையக் கீயை 36-க்கு மாற்றிவிட்டு, கீ-டிராக்கை 50%-இல் வைத்துக் கேளுங்கள்.