சென்னைத் தெருவில் எதிர்பாராமல் எதிர்ப்பட்ட பழைய விஷயங்கள்: உங்கள் அனுபவம் என்ன?

மண்ணடிவாசி:
யேல் கல்லறை உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். சிட்டி சிவில் கோர்ட்டில் எங்கள் வீட்டுச் சொத்து வழக்கு. வாய்தா வாங்கியாகிவிட்டது, வக்கீலைக் காணோம். சட்டக் கல்லூரிப் பக்கம் நடந்தால், வரிசையாக நிற்கும் வண்டிகளுக்கு அந்தப் பக்கம் கூம்பு வடிவில் உயரமாக ஒன்று நிற்கிறது. அதன் நிழலில் ஒரு அம்மா டிபன் பாக்ஸைத் திறந்து புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னம்மா இது என்று கேட்டேன். "யாரோ துரை வீட்டுப் புள்ள சமாதியாம். நெழலு நல்லாருக்கும், உக்காருங்க" என்றார்.

அந்தப் பிள்ளை டேவிட், இறந்தது 1688இல். அப்பா எலிஹு யேல் அப்போது செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னர், அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்கும் அதே யேல். ஆனால் அது முதலில் ஜோசப் ஹின்மர்ஸ் என்பவரின் கல்லறை. 1680இல் ஹின்மர்ஸ் இறந்தார். அவருடைய மனைவி கேத்தரினை அதே வருடம் யேல் மணந்துகொண்டார். அதாவது குழந்தையைக் கொண்டுபோய் அம்மாவின் முதல் கணவர் பக்கத்தில் படுக்க வைத்திருக்கிறார்கள். யார் எடுத்த முடிவு இது? அம்மாவா? கவர்னர் சரி என்று தலையாட்டினாரா? வழக்கு எக்கேடோ கெடட்டும், இதுதான் மண்டையைக் குடைகிறது.

அந்த இடம் முழுக்க அன்று ஆங்கிலேயர் இடுகாடு. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுக்காரர்கள் கல்லறைகளின் மறைவில் நின்று சுட்டார்கள் என்பதால் பிறகு எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிவிட்டார்கள். பெயர் பொறித்த கற்கள் கோட்டைக்குள் செயின்ட் மேரி தேவாலய முற்றத்துக்குப் போயின. தப்பிய ஓரிரண்டில் இது ஒன்று. 2023இல் இதையும் இடம் மாற்றச் சொல்லித் தீர்ப்பு வந்தது, வண்டி நிறுத்த இடம் வேண்டுமாம்.

ராயபுரம் ராஜா:
அதே கோர்ட் மதிலின் கிழக்குப் பக்கம் எம்டன் கல்வெட்டு இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே அண்ணே. நான் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். மதிலோரம் ஒதுங்கப் போன ஒருவரை ஒரு டிராஃபிக் போலீஸ் விசில் அடித்து விரட்டினார். அவர் நகர்ந்ததும் பின்னால் கல்வெட்டு! 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் சுட்ட குண்டு விழுந்த இடம். எத்தனையோ வருடம் அந்த வழியாகப் போயிருக்கிறேன், அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. பஸ்ஸும் போய்விட்டது.

விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்து வழி காட்டியதால்தான் ஊருக்குப் பெரிய சேதமில்லை என்று எங்கள் தாத்தா சொல்வார். கல்வெட்டில் அவர் பெயரையும் போட்டிருக்கலாம்.

ஏட்டுச்சுரைக்காய்:
ராஜா, இந்தக் கதையை யாராவது சொல்லாத நாளே கிடையாது. 1914 செப்டம்பரில் செண்பகராமன் இருந்தது சூரிச்சில். அங்கே இந்திய ஆதரவுக் குழு ஒன்றைத் தொடங்கித் தலைவராக இருந்தார். அக்டோபரில் பெர்லின் போய் ஜெர்மன் வெளியுறவுத் துறையோடு வேலை செய்தார். எம்டன் அந்த ஆண்டு ஆகஸ்டு முதல் இந்தியப் பெருங்கடல் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவில் ஆஸ்திரேலியக் கப்பலிடம் அடி வாங்கிக் கரை தட்டியது. செப்டம்பர் கடைசியில் வங்கக் கடலில் போர்க்கப்பலில் இருந்தவர் அக்டோபரில் பெர்லினில் எப்படி இறங்குவார்? நீந்தியா?

ஊருக்குப் பெரிய சேதமில்லை என்பதற்கும் காரணம் எளிமையானது. கேப்டன் ஃபான் முல்லரின் குறி துறைமுகத்தை ஒட்டிய பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். அரை மணி நேரத்தில் சுமார் 125 குண்டுகள் சுட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். பொதுமக்கள் மேல் கை வைக்காத ஆள் என்று எதிரிகளே அவரைப் பாராட்டினார்கள். செண்பகராமன் பிள்ளையின் பெருமைக்கு அவர் உண்மையில் செய்த வேலையே போதும்.

என் பங்குக்கு: பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரத்தில் 1773ஆம் வருடத்து எல்லைத் தூண் நிற்கிறது. கோட்டைக்கும் அந்தத் தூணுக்கும் நடுவே யாரும் கட்டடம் கட்டக்கூடாது, பீரங்கி சுட வெட்டவெளி வேண்டும் என்று நட்டது. கோர்ட்டே இன்று அந்த வெட்டவெளியில்தான் நிற்கிறது.

ராயபுரம் ராஜா:
சரி சார், ஒத்துக்கொள்ளலாம். தாத்தாவிடம் போய்ச் சொல்ல அவர்தான் இல்லை.

சௌகார்பேட்டை மருமகள்:
சண்டை முடிந்ததா? மாடிப் பூங்காவை யாரும் சொல்லவில்லையே. பழைய ஜெயில் ரோட்டில் மாமியாரைப் பல் டாக்டரிடம் விட்டுவிட்டு, அரை மணி நேரம் ஆகும் என்றதால் மேலே ஏறி உட்கார்ந்தேன். பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள், பந்து கீழே ரோட்டில் விழுந்தது. எடுக்க ஓடிய பையனை எட்டிப் பார்த்தபோதுதான் எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று உறைத்தது. மேடு இல்லை அது, மதில்! ஜார்ஜ் டவுனைச் சுற்றி ஓடிய கோட்டை மதிலில் மிஞ்சிய துண்டு. 1767இல் ஹைதர் அலியின் குதிரைப்படை ஊர் வாசல் வரை வந்து போன பயத்தில், பால் பென்ஃபீல்டு என்பவருக்குக் கான்ட்ராக்ட் கொடுத்துக் கட்டியது. செலவை ஊராரிடம் வரியாகப் பிடிக்க நினைத்தார்கள். நம் வால்டாக்ஸ் ரோட்டின் பெயரே அந்த மதில் வரிதான்! தினமும் அந்த ரோட்டில் ஆட்டோவுக்குப் பேரம் பேசுகிறேன், எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

மாமியாருக்கு இதைச் சொன்னேன். வாயில் பஞ்சு, "ம்" என்றார்.

தூண்டாமணிவிளக்கு:
வானிலை மையம், நுங்கம்பாக்கம். இன்சூரன்ஸ் க்ளைமுக்கு மழையளவுச் சான்று வாங்கப் போனேன். வளாகத்துக்குள் ஆள் உயரத்தைத் தாண்டி ஒரு கருங்கல் தூண், மேலே 1792, தமிழில்கூட எழுத்து. பழைய வானாய்வுக் கூடத்தின் கருவி அதன் மேல்தான் இருந்ததாம். ஒரு காலத்தில் ரயில்வே முழுக்கவும் நம்முடைய மெட்ராஸ் நேரத்தில் ஓடியது, அது இன்றைய இந்திய நேரத்துக்கு 9 நிமிடம் பின்னால். அந்த நேரத்தைக் கணக்குப் பார்த்துச் சொன்ன இடம் அதுதான்.

இதைப் படித்துவிட்டு எல்லாரும் கிளம்புவீர்கள் என்பதால் சில விஷயம். இது அரசு அலுவலகம், வாசலில் செக்யூரிட்டியிடம் "சும்மா பார்க்க வந்தேன்" என்றால் விடமாட்டார்கள். முன்கூட்டியே ஒரு கடிதம் எழுதுங்கள், அடையாள அட்டை கொண்டுபோங்கள், கேமராவுக்குத் தனியாகக் கேளுங்கள். கோர்ட்டுக்கும் அப்படியே, வேலை நாளில் கூட்டமாகப் போகாதீர்கள். அப்புறம் முக்கியமானது: எந்தக் கல்வெட்டிலும் எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸோ மைதா மாவோ பூசாதீர்கள். வார இறுதி நடைக் குழுக்களில் இதைச் செய்கிறார்கள், பார்த்தால் வயிறு எரிகிறது. மாவு ஈரத்தை இழுத்துக் கல்லை அரிக்கும். சாயும் வெயிலில் போங்கள், இல்லை இருட்டிய பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்க வைத்து அடியுங்கள், எழுத்து தானாக எழுந்து நிற்கும். முழுக் கல்லையும் ஒரு படம், வரிவரியாகத் தனிப் படம், பக்கத்தில் ஒரு அடி ஸ்கேல். இடத்தைப் போனில் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதினால் தெருப் பெயரே மாறிவிடும். குழந்தைகளுக்குத் தண்ணீர் பாட்டில்.

மண்ணடிவாசி:
தூண்டாமணி, யாரும் கேட்கவில்லையே ஐயா! ஆனால் டார்ச் யோசனை நல்லது.

சைதை தமிழ்:
உஸ்கான் கல். மறைமலை அடிகள் பாலம், சைதாப்பேட்டை முனை. 1726இல் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி தன் சொந்தக் காசில் அடையாற்றுக்கு மர்மலாங் பாலம் கட்டினார். பரங்கிமலைக்குப் படி கட்டிக் கொடுத்தவரும் அவர்தான். பழைய பாலம் போய்விட்டது, கல் மட்டும் நின்றது. கடைசியாக நான் பார்த்தபோது அதன் மேல் பூப்புனித நீராட்டு விழா போஸ்டர் ஒட்டியிருந்தது. ஒரு மூலையைக் கிழித்தேன், பாரசீக எழுத்து ஒரு வரி தெரிந்தது. அதற்குள் போஸ்டர்காரப் பையன் பசை வாளியோடு திரும்பி வந்து, "அண்ணா, எங்க ஓனர் திட்டுவாரு" என்றான். வாளியைக் கீழே வைக்கச் சொல்லி, கல்லைப் பற்றிச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்ப டோல்கேட் போட்டிருந்தாரா அவரு?" என்றான். இல்லை, பராமரிப்புக்குப் பணமும் எழுதி வைத்துவிட்டுப் போனார் என்றேன். நம்பவே இல்லை.